புதன் பின்னேரத்துக்கு இடம் பிடித்தவர்

அவர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னரே அவருடைய லேஞ்சி ஏறிவிடும்.

வட்டுக்கோட்டையில் இருந்து காலையில் ரவுனுக்குப் போகிற பஸ் வந்து நின்றால் எல்லாரும் வாசலில் முண்டியடிப்பார்கள். அவர் முண்ட மாட்டார். யன்னல் பக்கமாகப் போய், சீலையை ஒதுக்கி, குதிக்காலைத் தூக்கி எட்டி, சாப்பாட்டுப் பையை ஒரு இருக்கையிலும் முகம் துடைக்கிற லேஞ்சியை மடித்துப் பக்கத்து இருக்கையிலும் போட்டுவிட்டு, ஆறுதலாகக் கடைசி ஆளாக ஏறி வருவார். பை கிடந்த இடம் அவருக்கு. லேஞ்சி கிடந்த இடம் யாருக்கு என்று அவருக்கே தெரியாது.

“உது ஆற்றை சீற்?” என்று யாராவது கேட்பார்கள்.

“வாற ஆளின்ரை.”

“ஆர் வாற ஆள்?”

“வந்தாப் பிறகு பாருங்கோவன்.”

அநேகமாக ஒருவர் வந்துவிடுவார். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, தடி ஊன்றிய கிழவர் ஒருவர். ஒருநாள் மானிப்பாயில் காலுக்குப் பிளாஸ்ரர் போட்ட மனிதர் ஒருவர் நொண்டி நொண்டி ஏறினார். இவர் லேஞ்சியை எடுத்து உதறிவிட்டு, அதுவரை முணுமுணுத்துக்கொண்டு நின்றவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

இன்னொரு நாள் ஒருவரும் வரவில்லை. பஸ் நிறைந்து பிதுங்குகிறது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் கோபித்துக்கொண்டு, “வெறும் துணிக்கு இருக்க இடம், எங்களுக்கு நிக்க இடமில்லை” என்று கொண்டக்டரிடம் முறையிட்டார். இவர் எழுந்து, “இந்தாங்கோ, நீங்கள் இருங்கோ” என்று தன்னுடைய இடத்தை அவருக்குக் கொடுத்தார். ரவுன் வரைக்கும் தான் நின்றுகொண்டே வந்தார். லேஞ்சியை எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று நினைத்தேன்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு விழாவில் நன்றியுரையின்போது தன் பெயரைச் சொன்ன மனிதரோடு மூன்று மாதம் கதைக்காமல் இருந்தவர் அவர். அவர் என்னோடும் கதையை நிறுத்திவிடக்கூடாது.

அந்த லேஞ்சி இடம் ஒருநாள் எனக்குக் கிடைத்தது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க, சலரோகக் கிளினிக்குக்குப் போக ஏறினேன். சனத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன்.

“அம்மா, உங்கடை இடம் இஞ்சை கிடக்கு” என்றார்.

“எனக்கு ஒருவரும் இடம் பிடிக்கேல்லைப் பிள்ளை.”

“நான் பிடிச்சனான். இருங்கோ.”

இருந்தேன். எங்கே போகிறேன், என்ன வருத்தம், எத்தனை குளிசை போடுகிறேன், காலில் விறைப்பு இருக்கிறதா என்று மானிப்பாய் வருவதற்குள் எல்லாம் கேட்டுவிட்டார். டொக்டராக்கும் என்று நினைத்து மரியாதையாகப் பதில் சொன்னேன். பிறகுதான், பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கிற பிள்ளைகளின் அலுவலகத்தில் நேரசூசி எழுதுகிற கிளாக்கர் என்று தெரிந்தது.

“புதன்கிழமை பின்னேரம் ரெண்டு மணிக்கு நீங்கள் அங்கை வரவேணும், அம்மா. எங்கடை பிள்ளையளுக்கு ஒரு வருத்தக்காரி வேணும்.”

“ஐயோ, நான் ஆக்களுக்கு முன்னாலை கதைக்க மாட்டன்.”

“நல்லது. கனக்கக் கதைக்கிற வருத்தக்காரர் ஏற்கெனவே நாலு பேர் இருக்கினம். கதைக்காத ஆளிட்டை எப்பிடிக் கேக்கிறதெண்டு அதுகள் பழகவேணும்.”

இப்படித்தான் நான் புதன்கிழமைக்காரி ஆனேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அங்கே நடக்கிற படிப்பின் பெரிய பெயர்கள் எனக்கு வாயில் வராது. நான் கண்டதைச் சொல்கிறேன். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள், நேர்ஸுக்குப் படிக்கிற பிள்ளைகள், மருந்து கொடுக்கப் படிக்கிறவர்கள், இரத்தம் சோதிக்கப் படிக்கிறவர்கள், சித்த வைத்தியம் படிக்கிறவர்கள் என்று ஐந்து பகுதி. ஐந்துக்கும் வேறு வேறு கட்டடம். கன்ரீன் ஒன்றுதான் என்றாலும் அதற்குள்ளேயும் ஐந்து மேசை. நாளைக்கு வேலைக்குப் போனால் ஒரே நோயாளியைச் சுற்றி நிற்கப்போகிற பிள்ளைகள், படிக்கிற காலத்தில் ஒருவரை ஒருவர் முகம் பார்த்ததில்லை. அதனால் வாரத்தில் ஒரு பின்னேரம், ஒரு மேசைக்கு ஐந்து பகுதியிலும் இருந்து ஒவ்வொருவராக இருத்தி, நடுவில் என்னைப்போல ஒரு வருத்தக்காரரை வைப்பார்கள். பிள்ளைகள் ஒன்றாகக் கேட்டு, ஒன்றாக யோசித்து, ஒன்றாகச் சொல்லவேண்டும். விரிவுரையாளர்கள் மேசை மேசையாக வந்து கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

எங்கள் பஸ் நேரத்தோடு வந்துவிடும். இரண்டு மணி வரை அவருடைய அலுவலகத்தில் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் என்னை இருத்தி, சீனி போடாத பிளேன்ரீ தருவார். அங்கே இருந்துதான் நான் அவரைப் படித்தேன் என்று சொல்லவேண்டும்.

அவருடைய மேசையில் ஐந்து பகுதியின் நேரசூசிகளும் விரித்துக் கிடக்கும். எல்லாக் கட்டங்களையும் பென்சிலால்தான் எழுதுவார். இந்த விரிவுரை அங்கே போகும், அந்த விரிவுரை இங்கே வரும், அழிறப்பர் ஓயாது. புதன்கிழமை இரண்டில் இருந்து நான்கு வரையுள்ள கட்டம் மட்டும் ஐந்து தாளிலும் கறுத்தப் பேனையால் எழுதியிருக்கும். யாராவது விரிவுரையாளர், “உந்தப் புதன் பின்னேரத்தை எனக்கு ஒருக்காத் தாங்கோவன், ஒரேயொரு கிழமைக்கு” என்று கேட்டு வந்தால், தாளை அவர் பக்கம் திருப்பி வைப்பார்.

“அழியுங்கோ சேர். அழிஞ்சால் எடுங்கோ.”

மற்றப் பகுதிகளின் கிளாக்கர்களோடு தொலைபேசியில் அவர் கதைப்பதைக் கேட்க வேண்டும்.

“அண்ணை, உங்கடை பிள்ளையள் போன புதன் மூண்டு பேர் குறைவு. … என்ன, சோதினையோ? சோதினை வியாழன்தானே. … ஓமோம், படிக்கிற பிள்ளையள்தான், ஆர் இல்லையெண்டது? … இல்லை அண்ணை, நீங்கள் பாவமெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் பாவமாயே இருங்கோ, பிள்ளையளை மட்டும் அனுப்புங்கோ.”

ஒருநாள் நான் கேட்டேன். “பிள்ளை, நீர் உதிலை படிப்பிக்கிறேல்லை. பிறகேன் உவ்வளவு பாடுபடுறீர்?”

பென்சிலைக் காதில் செருகினார். “எனக்குப் படிப்பிக்கத் தெரியாது, அம்மா. அஞ்சு பகுதியையும் ஒரே நேரத்திலை ஒரே அறைக்குள்ளை இருத்தத் தெரியும். அதுக்குப் பிறகு என்ன நடக்குதெண்டு அதுகள் பாத்துக்கொள்ளும்.”

அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடுவில் ஒரு காலம் அந்த வேலையை அவர் மட்டும்தான் செய்துகொண்டிருந்தார். புதன்கிழமை வேலை முதலில் ஒரு வெளிநாட்டுத் திட்டமாகத்தான் வந்ததாம். அப்போது பனர் கட்டி, பிள்ளைகளுக்கு ரீசேட் கொடுத்து, மத்தியானம் சோற்றுப் பார்சலும் கொடுத்தார்கள். திட்டம் முடிந்த அன்று படம் எடுத்தார்கள், கைகொடுத்தார்கள், போய்விட்டார்கள். அடுத்த புதன் பார்சல் இல்லை. பிள்ளைகளும் இல்லை. மண்டபத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். வருத்தக்காரி என்று நான் ஒருத்தி. மற்ற நால்வரும் வரவில்லை.

“இண்டைக்கு விடுவமே?” என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார்.

அவர் ஏழு பேரையும் எண்ணவில்லை. பகுதியைத்தான் எண்ணினார். “இரத்தம் பாக்கிற பகுதி இல்லை. ஒரு நிமிஷம் பொறுங்கோ” என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் நடந்துபோனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளையின் வலக்கை விரல்களில் சோறும் பருப்பும் அப்படியே ஒட்டியிருந்தன.

“மிஸ், கையாவது கழுவ விட்டிருக்கலாம்” என்று அது அழமாட்டாக்குறையாகச் சொன்னது.

“வாளியிலை தண்ணி கிடக்கு, கழுவிப்போட்டு இருங்கோ. உங்களுக்காக ஆறு பேர் காத்துக்கொண்டிருக்கினம்.”

“ஏழு பேர் மிஸ்” என்று ஒரு பெடியன் திருத்தினான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு எட்டுப் பேர் என்னைச் சுற்றி இருந்தார்கள். எனக்கு வெட்கத்தில் குரலே வரவில்லை. ஆனால் அந்தப் புதன் விடுபடவில்லை. அடுத்த புதன் பதினைந்து பேர் வந்தார்கள். அந்தச் சோற்றுக்கைப் பிள்ளை தன்னுடைய கூட்டாளிகளைத் தானே இழுத்துக்கொண்டு வந்தது.

இனி என்னுடைய விஷயத்தைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கம்தான். ஆனால் இதைச் சொல்லாமல் அவருடைய புதன்கிழமையின் பெறுமதியைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் கந்தசஷ்டி விரதம் கடுமையாகப் பிடிப்போம். ஆறு நாளும் ஒரு மிடறு பால், ஒரு துண்டுப் பழம், அவ்வளவுதான். சிலர் அதுவும் இல்லை. நான் கல்யாணம் கட்டிய நாள் முதல் பிடிக்கிறேன். சலரோகம் வந்த பிறகும் விடவில்லை. ஒரு வருடம் நான்காம் நாள் பூசையில், தீபம் காட்டும்போது எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கைகால் நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்துவிட்டேன். விழும்போது ஏதோ பிதற்றினேனாம். சுற்றி நின்ற பெண்கள், “முருகா, முருகா, அருள் வந்திட்டுது” என்று கும்பிட்டு, எனக்கு விபூதி பூசி, பஞ்சாமிர்தம் வாயில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து இருந்தேன். அதற்குப் பிறகு ஊரில் எனக்கு ஒரு மரியாதை. ஒருநாளும் முன்னுக்கு நிற்காதவளை முன்னுக்கு நிற்கச் சொன்னார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். பொய் சொல்லக்கூடாது.

அடுத்த வருடமும் அப்படியே வந்தது. ஆனால் இந்தமுறை பஞ்சாமிர்தத்துக்கும் எழும்பவில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய் வாட்டில் போட்டார்கள். காலையில் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை வந்து கேட்டது. பிறகு நேர்ஸுக்குப் படிக்கிற பிள்ளை வந்து கேட்டது. பிறகு இரத்தம் எடுக்க ஒருவர், குளிசைகளை எழுத ஒருவர், இன்னும் ஒருவர். எல்லாரும் நல்ல பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே கேள்வி, எல்லாருக்கும் அவசரம். விரதம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. கிளினிக்கில் விரதத்தைக் கேட்கிறவர் இல்லை, கோயிலில் குளிசையைக் கேட்கிறவர் இல்லை.

மூன்றாம் நாள் விட்டார்கள். அடுத்த புதன் வழக்கம்போல மேசைக்குப் போனேன். இரத்தம் பார்க்கிற பிள்ளை என்னுடைய கிளினிக் கொப்பியைப் புரட்டி, “இந்த ஒரு கிழமை மட்டும்தான் சீனி இப்பிடிக் கீழை போயிருக்கு” என்றது. மருந்துப் பிள்ளை என்னுடைய குளிசைப் பையைக் கொட்டி எண்ணி, “ஒருநாளும் தவறவிடேல்லை, எல்லாம் சரியாப் போட்டிருக்கிறா” என்றது. நேர்ஸ் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, “விழ முதல் வேர்த்ததோ அம்மா, நடுங்கினதோ?” என்று கேட்டது. தலையாட்டினேன். அப்போது சித்த வைத்தியப் பிள்ளை மெல்ல, “ஐப்பசிதானே. அம்மா, நீங்கள் சஷ்டி பிடிச்சனீங்களோ?” என்றது.

நான் குனிந்துகொண்டேன். “ஓம்.”

டொக்டருக்குப் படிக்கிற பெடியன் கொப்பியை மூடி வைத்தான். பிறகு, “அம்மா, கோவிக்காதேங்கோ. ஆறு நாள் சாப்பிடாமல் அந்தக் குளிசையைப் போட்டால் சீனி இறங்கும். வந்தது அருள் இல்லை” என்றான்.

எனக்கு அழுகை வந்தது. உயிர் தப்பியதற்கு அழுதேனா, அருள் போனதற்கு அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது. விரதத்தை விடு என்று அவர்கள் சொல்லியிருந்தால் நான் புதன்கிழமையைத்தான் விட்டிருப்பேன். அவர்கள் சொல்லவில்லை. ஐந்து பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்து, விரிவுரையாளரிடமும் கேட்டு, கிளினிக் டொக்டருக்குக் கடிதம் எழுதித் தந்தார்கள். விரத நாளில் குளிசையை எப்படிக் குறைப்பது, நான் என்ன ஆகாரம் எடுப்பது, வேர்த்தால் உடனே எதை வாயில் போடுவது என்று அந்த டொக்டர் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த சஷ்டியில் ஆறாம் நாள் சூரன்போரை நான் நின்றுகொண்டே பார்த்தேன்.

கடிதம் கிடைத்த அன்று அலுவலகத்துக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். ஒருவரும் கேட்காமல் நானாகக் கதைத்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அஞ்சு பேரும் மேசையிலை இருந்தவையோ?”

“ஓம்.”

“ம்” என்றார். பிறகு அழிறப்பரை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அன்று முழுக்க அவருடைய முகம் விளக்கிய குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

பிறகொரு தை மாதத்தில் ஐந்து பகுதிக்கும் பொறுப்பான குழுவுக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்தார். பெரிய பேராசிரியர், கெட்டவர் அல்ல. தொற்றுநோய்க் காலத்தில் பல்கலைக்கழகத்தை மூடி, பெற்றோல் இல்லாத காலத்தில் மூடி, பாடங்கள் பின்தங்கி, பிள்ளைகள் வெளியேற முடியாமல் வயது போய்க்கொண்டிருந்தது. விடுபட்ட விரிவுரைகளைப் போட நேரம் தேடினார். புதன் பின்னேரம் அவருடைய கண்ணில் பட்டது. மண்டபமும் இருக்கிறது, பிள்ளைகளும் வெறுமையாக இருக்கிறார்கள் என்று நினைத்தார்.

அந்தச் செய்தி வந்த அடுத்த நாள் பஸ்ஸில் எங்கள் கிளாக்கர் லேஞ்சி போட மறந்துபோனார். இருவரும் நின்றுகொண்டு போனோம்.

“அந்த மனிசன் சொல்லுறதிலை பிழை இல்லை, அம்மா” என்றார். “பிள்ளையள் முடிச்சு வெளிக்கிடத்தானே வேணும். ஆனா புதன் போனால் பிறகு வராது. ஒருக்கா ஒரு லெக்சர் வந்து இருந்திட்டால் அதை எழுப்பேலாது. நான் ஆவணியோடை பென்சன். எனக்குப் பிறகு ஆர் திரும்பப் பிடிக்கப்போகினம்?”

“கூட்டத்திலை சொல்லுமன், பிள்ளை.”

“நான் கூட்டத்திலை குறிப்பெழுதுற ஆள். கதைக்கிற ஆள் இல்லை.”

அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம்.

வந்த புதன்கிழமை நான் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தபோது, அந்தத் தலைவரே அலுவலகத்துக்கு வந்தார். என்னை அவர் காணவில்லை. ஒரு பொருளும் என்னை மறைக்கவில்லை, ஆனாலும் என்னைக் காணாமல் போகிறவர்கள் அநேகம்.

“புதன் வகுப்பை நிப்பாட்டுறது பற்றி அஞ்சு பகுதித் தலைவர்மாரும் இருந்து முடிவெடுக்கவேணும். எல்லாருக்கும் வசதியான ஒரு நேரம் பாத்துக் கூட்டம் போடுங்கோ.”

எங்கள் கிளாக்கர் ஐந்து தாளையும் விரித்தார். விரலால் ஒவ்வொரு நாளாகக் காட்டிக்கொண்டு போனார்.

“திங்கள் நேர்சிங் தலைவி வாட்டிலை. செவ்வாய் உங்களுக்கு விரிவுரை. வியாழன் ஆய்வுகூடத் தலைவருக்குச் செய்முறை. வெள்ளி சித்த வைத்திய ஆசுப்பத்திரி. காலமையள் மருந்துப் பகுதித் தலைவருக்கு ஏலாது.”

“அப்ப எப்பதான் ஏலும்?”

“அஞ்சு பேரும் ஒண்டாச் சும்மா இருக்கிற நேரம் ஒண்டே ஒண்டுதான், சேர். புதன் ரெண்டு மணி.”

தலைவர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். “சரி, போடுங்கோ. எந்த அறை?”

“மண்டபம்தான். ஒரு மூலையிலை ஒரு மேசை போட்டு விடுறன்.”

தலைவர் போன பிறகு நான் மெல்லக் கேட்டேன். “வேணுமெண்டே செய்தனீரோ, பிள்ளை?”

“சத்தியமா இல்லை, அம்மா. நான் பிள்ளையளுக்குப் பிடிச்ச நேரம். தலைவர்மாரும் அதுக்குள்ளைதான் கிடக்கினமெண்டு எனக்கும் இப்பதான் தெரியும்.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை.

கூட்டம் நடந்த அன்று மண்டபத்தில் பிள்ளைகளின் மேசைகள் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தன. மூலை மேசையில் ஐந்து தலைவர்களும் அந்தப் பேராசிரியரும் இருந்தார்கள். அவர் ஒரு ஓரத்தில் குறிப்புக் கொப்பியோடு. என்னுடைய மேசை அவர்களுக்கு அடுத்தது. பிள்ளைகள் என்னுடைய காலைப் பார்த்துக்கொண்டிருக்க, என் காது அங்கே.

முதலில் விரிவுரைகளைப் பற்றித்தான் கதைத்தார்கள். வாட்டுப் பயிற்சியைக் குறைத்தால் என்ன என்று யாரோ கேட்டார். நேர்சிங் தலைவி, “எங்கடை பிள்ளையள் காலமை ஏழரைக்கு வாட்டிலை நிக்கவேணும், அதைத் தொடேலாது” என்றார்.

“எங்கடையும் ஏழரைக்குத்தான்” என்றார் டொக்டர்களின் தலைவர்.

“இரத்தம் எடுக்க நாங்கள் ஏழே முக்காலுக்கு வாறம்” என்றார் ஆய்வுகூடக்காரர்.

“எங்கடை எட்டுக்கு” என்றார் மருந்துப் பகுதிக்காரர்.

“வியாழனிலை நாங்களும் வாறனாங்கள்” என்றார் சித்த வைத்தியர்.

நேர்சிங் தலைவி மெதுவாக, “அப்ப வருத்தக்காரர் காலமைச் சாப்பாடு சாப்பிடுறது எப்ப?” என்று கேட்டார்.

பேராசிரியர் திரும்பினார். அன்றைக்கு நான் அவருடைய கண்ணில் பட்டேன்.

“அம்மா, நீங்கள் வாட்டிலை இருந்தனீங்களோ? ஒரு காலமை எத்தினை பேர் வந்து கேட்டவை?”

மண்டபம் முழுக்க என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். மூலையில் அவர் குறிப்பெழுதுகிற பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அஞ்சு பேர், சேர்” என்றேன். “அஞ்சு பேரும் ஒரே கேள்வி.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“முதல் வந்தவருக்கு எல்லாம் சொன்னன். ரெண்டாவது ஆளுக்குப் பாதி சொன்னன். கடைசி ஆள் என்ன கேட்டாலும் ‘ஓம்’ எண்டு சொல்லிப்போட்டன். பசி, சேர்.”

பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். பிறகு மேசை முழுக்கச் சிரித்தது. ஆய்வுகூடக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, “என்ரை பிள்ளையள் எழுதின அந்த ‘ஓம்’ எல்லாம் இப்ப கொப்பியிலை கிடக்கே” என்றார். பிறகு நேரசூசியைக் கேட்டார்கள். அவர் கொண்டுபோய் விரித்தார். யார் எந்த நேரம் வாட்டுக்குப் போவது, யார் யாரோடு சேர்ந்து போவது என்று குனிந்து குனிந்து கதைத்தார்கள். ஒருவர் பென்சிலை மற்றவர் பறித்தார். நான்கு மணி ஆகிவிட்டது.

பேராசிரியர் நேரத்தைப் பார்த்தார். “நாங்கள் வந்த விஷயம் என்ன மாதிரி?”

“எந்த விஷயம், சேர்?” என்றார் நேர்சிங் தலைவி, முகத்தில் ஒன்றும் தெரியாமல்.

“நாங்கள் ஆறு பேரும் ஒண்டா இருந்து கடைசியா எப்ப கதைச்சனாங்கள்?”

பேராசிரியர் நேரசூசியை மடித்தார்.

“பிள்ளையளுக்கு உது வேண்டாமெண்டு சொல்ல வந்தனான். எங்களுக்கும் வேணும்போலை கிடக்கு. சரி, புதன் இருக்கட்டும். ஆனா விடுபட்ட விரிவுரையளை நான் எங்கை போடுறது?”

அப்போதுதான் அவர் எழுந்தார். குறிப்பெழுதுகிற ஆள் கதைத்தார்.

“சனி காலமை ரெண்டு, செவ்வாய் மத்தியானம் ஒண்டு, வியாழன் கடைசி மணித்தியாலம் ஒண்டு. ஆடிக்குள்ளை எல்லாம் முடியும், சேர்.” இன்னொரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். ஒவ்வொரு கட்டமும் நிரப்பியிருந்தது.

“உதை எப்ப செய்தனீங்கள்?”

“நீங்கள் கூட்டம் போடச் சொன்ன அண்டைக்கு.” மூச்சு எடுத்தார். “இன்னொண்டு, சேர். புதன் இருக்கட்டுமெண்டு நீங்கள் வாயாலை சொல்லுறியள். உங்களுக்குப் பிறகு வாறவர் வாயாலை வேண்டாமெண்டுவார். பிள்ளையளின்ரை கையேட்டிலை அச்சடிக்கவேணும். புதனுக்கு வராத பிள்ளைக்குக் கடைசிச் சோதினை இல்லையெண்டு.”

மேசையில் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேராசிரியர் தன்னுடைய பேனையைத் திறந்து, “அதையும் எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்” என்றார்.

ஆடியில் கையேடு அச்சாகி வந்தது. பஸ்ஸில் என் மடியில் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். எழுத்துக்கூட்டி நான் வாசித்து முடிக்கும் வரை அவசரப்படுத்தாமல் இருந்தார். ஐந்து பகுதிக்கும் ஒரே வரி. அச்சு எழுத்தில். யாருடைய பெயரும் இல்லை.

“உம்மடை பெயரைப் போட்டிருக்கலாம்” என்றேன்.

“என்ரை பெயர் இருந்தால் நான் போகப் போயிடும், அம்மா. இப்ப அது கிடக்கும்.”

ஆவணியில் ஓய்வு பெற்றார். பிரியாவிடையைப் புதன்கிழமை வைக்கப் பார்த்தார்களாம், எல்லாரும் வரக்கூடிய நாள் என்று. “புதன் பிள்ளையளின்ரை” என்று சொல்லி வியாழனுக்கு மாற்றினாராம். வவுனியாவில் தங்கையோடு இருக்கப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வந்த முதற் புதன்கிழமை, நான் பயந்து பயந்துதான் போனேன். அலுவலகத்தில் புதிய கிளாக்கர் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவாம். மண்டபப் பூட்டின் திறப்பும் அந்தப் புதியவரின் பையோடு போய்விட்டது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, பூட்டிய கதவுக்கு முன்னால் நான் ஒருத்தி நின்றேன். என்னிடம் போன் இல்லை. முதலில் வந்த நேர்ஸ் பிள்ளையிடம் வாங்கி, வவுனியாவில் இருக்கிறவரின் இலக்கத்தைச் சொல்லி எடுக்கச் சொன்னேன்.

“பிள்ளை, கதவு பூட்டிக் கிடக்கு. ஒருவரும் இல்லை.”

“ஐயோ” என்றார். அந்த ஒரு சொல்லில் அவருடைய இத்தனை வருடமும் இருந்தது. “அம்மா, நில்லுங்கோ. நான் மற்றப் பகுதிக் கிளாக்கர் அண்ணைக்கு எடுத்து, மற்றத் திறப்பு எங்கை எண்டு கேட்டு…”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கட்டடத்துக்குப் பின்னால் இருந்து சிலர், பஸ் தரிப்பிடத்தில் இருந்து சிலர், கன்ரீன் பக்கமாகச் சிலர். வெள்ளை மேலங்கி, நேர்ஸ் உடுப்பு, சீலை, சேட். ஒருவன் கதவைத் தள்ளிப் பார்த்தான். “பூட்டடாப்பா” என்றான். ஒருவரும் திரும்பிப் போகவில்லை. ஒருத்தி கன்ரீனுக்குப் போய் இரண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைக் கண்டு பத்துப் பேர் ஓடினார்கள். மாமரத்துக்குக் கீழே வட்டம் வட்டமாகக் கதிரைகள் விழுந்தன. “சித்த வைத்தியம் ஒராள் இஞ்சை குறையுது!” “எங்களிட்டை ரெண்டு நேர்ஸ், ஒராளை எடுங்கோ!” என்று அவர்களே சத்தம் போட்டு, அவர்களே மாற்றி இருந்தார்கள். நடந்து போன பேராசிரியர் நின்று பார்த்தார். பிறகு அவரும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒரு வட்டத்துக்குள் போனார்.

“அம்மா? அம்மா, லைனிலை நிக்கிறியளோ? என்ன சத்தம் அது?”

“எல்லாரும் வந்திட்டினம், பிள்ளை. மரத்துக்குக் கீழை இருக்கினம்.”

மெல்லிய குரலில் கேட்டார். “அஞ்சு பகுதியும்?”

நான் எங்கள் வட்டத்தைப் பார்த்தேன். ஐந்து பேரும் நடுவில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை, “அம்மா, வாங்கோ, நேரம் போகுது” என்று கூப்பிட்டது.

“அஞ்சும்” என்றேன். “நான் பிறகு கதைக்கிறன். என்னைக் கூப்பிடுகினம்.”

போனை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, நான் போய் நடுவில் இருந்தேன்.